ஈசிபி சிகிச்சைக்கு ஆளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

மாற்றி வைத்த இதயத்தையோ நுரையீரலையோ உடம்பு தள்ளப் பார்க்கிறது, அதனால் ஈசிபி செய்வோம் என்று டொக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் மெஷினைப் பற்றியே கேட்கிறார்கள். ரத்தம் வெளியே போகுமாமே, லைற் பிடிப்பார்களாமே, ஆள் தாங்குவாரா? மெஷினை நர்ஸ் பார்த்துக்கொள்வார். முதல் நாள் இரவுச் சாப்பாடு, ஊசி போடும் கை, வெளியே வரும்போது படுகிற வெயில், நேரத்துக்குப் போக வேண்டிய குளிசை எல்லாம் கூடப் போகிறவரின் பொறுப்பு. நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். வார்டில் நர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். தம்பிக்கு இந்தியாவில் இதயம் மாற்றி, அதன்பிறகு பயொப்சியில் (இதயத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதில்) திரும்பத் திரும்ப நிராகரிப்பு, அதாவது உடம்பு அதைத் தள்ளுவது, தெரிந்ததால் ஈசிபி தொடங்கினார்கள். அறை எடுத்து, சமைத்து, கூட்டிப் போய்க் கூட்டி வந்தது நான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து இப்படிப் போகிற குடும்பங்கள் என்னிடம் கேட்பதை வைத்து இதை எழுதுகிறேன்.

அது என்ன செய்கிறது என்பது விளங்கினால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். முழுப் பெயர் எக்ஸ்ட்ராகார்ப்போரியல் போட்டோபெரெசிஸ். ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, வெள்ளை அணுக்கள் உள்ள பகுதியை மட்டும் ஒரு பையில் பிரிப்பார்கள். மிச்ச ரத்தம் உடம்புக்கே திரும்பிவிடும். பையில் மெதொக்சலின் என்ற மருந்தை விட்டு, யூவிஏ ஒளி (வெயிலிலும் இருக்கிற ஒரு புற ஊதாக் கதிர்) காட்டி, அதே அணுக்களைத் திரும்ப ஏற்றுவார்கள். ஒளியின் அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 1.5 ஜூல். மருந்தும் ஒளியும் ஒன்று சேரும்போது அணுவின் டிஎன்ஏ இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. அந்த அணுக்கள் அந்த இடத்திலேயே சாவதில்லை. உடம்புக்குள் போன பிறகு ஓரிரு நாளில் மெல்லச் சாகின்றன. அவற்றை விழுங்கும் மற்ற அணுக்கள் சண்டைக்குக் கிளம்பாமல் அமைதிப்படுகின்றன; எதிர்ப்பை அடக்கி வைக்கும் டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூடுகின்றன. ஒரு தடவையில் வெளியே வருவது மொத்த வெள்ளை அணுக்களில் ஒரு சிறு பங்குதான். தம்பி ஒரு வாத்தியார். நாலு குழப்படிக்காரரைக் கூப்பிட்டுக் கண்டித்தால் வகுப்பு முழுக்க அடங்குகிற மாதிரி என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான். நான் கேட்ட விளக்கங்களில் அதுதான் திறம்.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் எடல்சன் குழு தோலில் வரும் ஒருவகை லிம்போமாப் புற்றுநோய்க்கு இதைச் செய்து 1987இல் வெளியிட்டது. அடுத்த வருடமே அங்கே அனுமதி கிடைத்தது. உறுப்பு மாற்றியவர்களைப் பொறுத்தவரை 1998இல் வந்த ஆய்வு முக்கியம். புதிதாக இதயம் மாற்றிய 60 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான குளிசைகளோடு ஆறு மாதத்தில் 24 தடவை ஈசிபியும் கொடுத்தார்கள். அவர்களுக்கு நிராகரிப்பு குறைவாக வந்தது, தொற்றுநோய் கூடவில்லை. ஆனால் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் உயிரோடு இருந்தவர்களின் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அற்புதம் என்று நினைத்துக் காணி விற்றுப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அனுபவம் அதிகம் இருப்பது இதயத்திலும் நுரையீரலிலும். எங்கள் ஊரில் சிறுநீரகம் மாற்றியவர்கள்தான் அதிகம். அவர்கள் விஷயத்தில் ஈசிபிக்கு ஆதாரம் இன்னும் குறைவு. "இவருக்கு வந்திருப்பது அணுக்களால் வரும் நிராகரிப்பா, அன்ரிபொடியால் வருவதா?" என்று டொக்டரிடம் கேளுங்கள். அன்ரிபொடியால் (ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் புரதத்தால்) வருவதற்குப் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதி, மாற்றுவது போன்ற வேறு வழிகளைத்தான் பெரும்பாலும் முதலில் பார்ப்பார்கள். இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காமல் விமான ரிக்கற் எடுக்காதீர்கள்.

போக முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை

கேட்டால் சொல்லலாம் என்று இருக்கக் கூடாது. கண்புரை ஒப்பரேஷன் செய்தவரா, உள்ளே லென்ஸ் வைத்தார்களா என்பதை முதலில் சொல்லுங்கள். லென்ஸ் இல்லாத கண்ணுக்குள் யூவிஏ நேரே போய் விழித்திரையைத் தாக்கும். அப்படிப்பட்டவருக்கு இந்தச் சிகிச்சை கூடாது. வெயில் பட்டால் தோல் பொங்குகிற லூபஸ், போர்ஃபிரியா போன்ற நோய்கள் இருந்தாலும் கூடாது. கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹெபரின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால், ரத்தம் உறையாமல் இருக்க அதற்குப் பதிலாகச் சிற்றேற் விடுவார்கள்.

மறுகா, குளிசைப் பட்டியல். இதில் எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. வயல் வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, படுவான்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு இது தெரிந்த குளிசை. அது தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். மெதொக்சலினும் சேர்ந்தால் தீப்பட்ட மாதிரித் தோல் சிவந்து கொப்பளிக்கலாம். சிப்ரோஃப்ளொக்சசின், செப்ரின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசைகள், சிறுநீர் கூடப் போக வைக்கும் சில நீர்க் குளிசைகள் எல்லாம் இதே வகை. செப்ரினை உறுப்பு மாற்றியவர்களுக்கு டொக்டர்களே கொடுப்பது வழக்கம், அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஈசிபி செய்கிற இடத்தில் சொன்னால் போதும். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, குளிசை அட்டைகளையும் அப்படியே கொண்டு போங்கள். நிராகரிப்பைத் தடுக்கிற டக்ரோலிமஸ் குளிசையை எந்தக் கம்பனிப் பெயரில் எடுக்கிறாரோ அதையே தொடர வேண்டும். கைப்பையில் வையுங்கள், விமானத்தில் போடும் பெட்டிக்குள் அல்ல.

முதல் நாள் சாப்பாடு

இதைத்தான் நம் ஆட்கள் லேசாக எடுக்கிறார்கள். பெரிய சிகிச்சைக்குப் போகிறான், பிள்ளைக்கு வாய்க்கு ருசியாகக் கொடுப்போம் என்று முதல் நாள் ஆட்டிறைச்சியும் தேங்காய்ப்பால் சொதியும் வைப்பார்கள். கொழுப்பு ரத்தத்தில் ஏறினால் பிளாஸ்மா பால் கலந்த மாதிரிக் கலங்கிவிடும். மெஷின் பல இடங்களில் ஒளியை வைத்துத்தான் சிவப்பணு எங்கே முடிகிறது, வெள்ளை அணு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கிறது. கலங்கிய பிளாஸ்மாவில் அந்தக் கோடு தெரியாது. பையில் சிவப்பணு கூடக் கலந்தால் யூவிஏயும் உள்ளே இறங்காது. எல்லாம் நடந்தும் அன்றைய சிகிச்சை பாதி வீணாகிவிடும், சில வேளை நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

முதல் நாள் மதியத்திலிருந்து தேங்காய்ப்பால், பொரியல், இறைச்சி, முட்டை மஞ்சள், பட்டர், பால்மாத் தேத்தண்ணி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நான் தம்பிக்கு இரவில் இடியப்பமும் பால் விடாத மீன் புளியாணமும் கொடுப்பேன். காலையில் இரண்டு வாழைப்பழம், சீனி போட்ட பிளேன் ரீ, பசித்தால் வெறும் பாண். பிட்டு ஆசைப்பட்டால் தேங்காய்ப்பூவைக் குறைத்து அவித்தேன். நீரிழிவு இருந்தால் பழத்தையும் சீனியையும் அதற்கேற்றபடி பாருங்கள். எருமைத் தயிரை அவன் கேட்காத நாள் இல்லை. மட்டக்களப்பானுக்குச் சட்டித் தயிர் இல்லாத சாப்பாடு சாப்பாடா? ஆனால் அதில் கொழுப்பும் கூட, காய்ச்சாத பாலில் உறைய வைத்ததா என்று கண்டுபிடிக்கவும் முடியாது. எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கிற உடம்புக்கு அது சிகிச்சை இல்லாத நாளிலும் ஆபத்து.

தண்ணீர் நன்றாகக் குடித்தால் நரம்பு புடைத்து நிற்கும், ரத்தமும் தடையின்றி வரும். இதய நோயாளிகளுக்கு நீர் அளவு கட்டுப்படுத்தி இருப்பார்கள், ஆகவே எவ்வளவு என்று டொக்டரிடம் கேட்டு அந்த அளவைக் காலையிலிருந்து பகிர்ந்து கொடுங்கள். ஊசி ஏறிய பிறகு எழும்பிப் போக முடியாது. கதிரையில் இருக்க முன் ஒருக்கா சிறுநீர் கழித்து வரச் சொல்லுங்கள்.

கை

முழங்கை மடிப்பில் உள்ள பெரிய நரம்புதான் இந்தச் சிகிச்சைக்கு உயிர்நாடி. ஊசி சாதாரண ரத்தப் பரிசோதனை ஊசியை விடப் பெரியது. அந்த நரம்பு கெட்டால் கழுத்திலோ நெஞ்சிலோ குழாய் போட வேண்டி வரும். குழாய் என்றால் கிருமி போகிற வழி. ஊருக்கு வந்திருக்கிற நாட்களிலும் கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறவரிடம், "முழங்கையில் வேண்டாம், புறங்கையில் எடுங்க மிஸ்" என்று கேட்க வேண்டும். நர்ஸ் வேலை செய்தவளாகச் சொல்கிறேன், அப்படிக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கும்போது ஒரு மென்மையான பந்தைப் பிடித்துப் பிடித்து விடச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் போகிற காலையில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயைக் கையில் கொஞ்ச நேரம் சுற்றி வையுங்கள். ஏசி அறையில் குளிர்ந்து நரம்பு உள்ளே போய்விடும். ஒரு சால்வையும் காலுறையும் கொண்டு போங்கள்.

டக்ரோலிமஸ் அளவு பார்க்கிற நாளென்றால் காலைக் குளிசையை ரத்தம் எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். கையோடு கொண்டு போய், எடுத்த உடனே கொடுங்கள். பிரஷர் குளிசையை அன்று காலையில் கொடுப்பதா, பிந்திக் கொடுப்பதா என்பதையும் முதல் நாளே கேட்டு வையுங்கள். ரத்தம் வெளியே ஓடும்போது பிரஷர் இறங்கலாம்.

மெஷின் ஓடும்போது

சில இடங்களில் பிரிப்பது, ஒளி காட்டுவது, திரும்ப ஏற்றுவது எல்லாம் ஒரே மெஷின். அதற்கு ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். நாங்கள் போன இடத்தில் வெள்ளை அணுக்களை ஒரு மெஷினில் எடுத்து, பையை வேறொரு லைற் பெட்டிக்குக் கொண்டு போனார்கள். நான் கேட்டதும் கண்ணாடி தந்து பார்க்க விட்டார்கள். இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு பை, உள்ளே லேசாகச் சிவந்த, கலங்கல் திரவம். மேலும் கீழும் நீல ஊதா லைற். தட்டு இடமும் வலமும் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது, எல்லா அணுவுக்கும் ஒளி படட்டும் என்று. பை தனியாகப் போய் வருகிற இடம் என்றால், திரும்ப ஏற்ற முன் அதில் ஒட்டிய பெயரையும் நம்பரையும் நோயாளியின் கைப்பட்டியோடு நீங்களும் ஒத்துப் பாருங்கள். நர்ஸ் பார்ப்பார்தான். இரண்டு பேர் பார்ப்பது இன்னும் நல்லது.

உதடு விறுவிறுக்கிறது, விரல் நுனி எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சிற்றேற் கல்சியத்தைப் பிடித்து வைப்பதால் வருவது அது. வேகத்தைக் குறைத்தோ கல்சியம் கொடுத்தோ சரி செய்வார்கள். "சும்மா இரு, முடியப் போகுது" என்று அடக்கக் கூடாது. தலை சுற்றினால், வியர்த்தால், நெஞ்சு இறுகினால் அதுவும் அப்படியே. முடிந்ததும் ஊசிக் குத்தை நன்றாக அமத்திப் பிடியுங்கள். ஹெபரின் விட்டிருந்தால் அன்று சவரம் வேண்டாம், பல்லுப் பிடுங்கவும் வேண்டாம்.

வெயில்

இதை நான் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சிகிச்சை வளர்ந்த குளிர் நாடுகளின் கைநூல்களில் இரண்டு வரியில் முடிந்துவிடும். எங்களுக்கு இரண்டு வரி போதாது. பையில் விட்ட மெதொக்சலின் கொஞ்சம் உடம்புக்குள்ளும் போகிறது. 24 மணி நேரத்துக்குக் கண்ணும் தோலும் யூவிஏக்குத் திறந்து கிடக்கின்றன. கண்ணில் பட்டால் லென்ஸ் பாதிக்கப்பட்டுப் பிறகு புரை வரலாம். வழக்கமாக ஈசிபி அடுத்தடுத்து இரண்டு நாள் செய்வார்கள், பிறகு ஒன்றிரண்டு கிழமை இடைவெளி, போகப் போக மாதம் ஒருக்கா. அதனால் காவல் முதலாம் நாள் சிகிச்சையில் தொடங்கி, இரண்டாம் நாள் சிகிச்சை முடிந்து 24 மணி நேரம் ஆகும் வரை.

வாகனத்துக்குள் ஏறிவிட்டோம், கண்ணாடி மூடியிருக்கிறது, இனிப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். சாதாரண யன்னல் கண்ணாடி யூவிஏயைத் தாராளமாக உள்ளே விடும். முகில் மூடிய நாளிலும் அது வரும், மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பியும் வரும். கல்லடிக் கடற்கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம் எங்களுக்குத் தெரியும்தானே. பஸ்ஸிலோ வானிலோ யன்னல் பக்கத்தை விட்டு உள்பக்கம் இருத்துங்கள், ஒரு தடித்த துணியைத் திரையாகக் கட்டுங்கள். கண்ணுக்குப் போடுவது பக்கவாட்டையும் மூடுகிற, யூவிஏ தடுப்பு என்று எழுதிய கறுப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். சந்தியில் விற்கிற கறுப்புக் கண்ணாடியைப் போடவே வேண்டாம். இருட்டில் கண்மணி விரிய, தடுப்பு இல்லாத கண்ணாடி ஊடாக யூவிஏ கூட உள்ளே போகும்.

நீளக் கைச் சட்டை, விளிம்பு அகலமான தொப்பி. நம் ஆட்கள் மறக்கிற இடங்கள் காது, பிடரி, உதடு, புறங்கை, அதைவிட முக்கியமாகப் பாதம். சாரமும் செருப்புமாகப் போனால் பாதம் முழுக்க வெயிலில். சப்பாத்தும் காலுறையும் போடச் சொல்லுங்கள். வெயில் கிறீம் வாங்கும்போது எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் யூவிபி என்ற மற்றப் புற ஊதாக் கதிரைத்தான் சொல்கிறது. யூவிஏயும் தடுக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். தேசிக்காய்ச் சாறு தோலில் பட்டு வெயில் பட்டாலே சிலருக்குப் பொங்கும், அதிலும் இதே குடும்பத்துப் பொருள் இருக்கிறது. அந்த நாட்களில் தேசிக்காய் வெட்டும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். பொழுதுபட்ட பிறகு முற்றத்தில் இருக்கலாம். வீட்டு லைற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஊர் மருந்தும் குளிசையும்

சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்ததும் பார்க்க வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு மருந்து. எங்கள் பெரியம்மா முறையான ஒருவர் சீந்தில் கசாயம் காய்ச்சிப் போத்தலில் கொண்டு வந்தார், உடம்புக்கு எதிர்ப்பு சக்தி கூடுமாம். அவரை உட்கார வைத்து, "பெரியம்மா, இவனுக்கு எதிர்ப்பு சக்தி கூடினால்தான் ஆபத்து, அதைக் குறைக்கத்தான் இவ்வளவு பாடு" என்று சொன்னேன். அவருக்கு விளங்கியது. அன்போடு கொண்டு வருகிறவர்களை முறிக்காமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள். வெண்குட்டத்துக்குக் கொடுக்கிற கார்போகரிசியில் இருப்பது சோரலென், மெதொக்சலினின் சொந்தக்காரன். அதைப் பூசவும் கூடாது, குடிக்கவும் கூடாது. கிரேப் புரூட், ஜம்போலா (பம்பளிமாஸ்) இரண்டும் டக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றும். நோவுக்கு டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டால் சிறுநீரகம் தாங்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நாலைந்து தடவை ஈசிபி முடிந்த பிறகு தம்பி கேட்டான்: "அக்கா, ரத்தத்தையே திருத்தி அனுப்பிட்டாங்கதானே, இனி ஏன் இவ்வளவு குளிசை?" கேட்டதே பெரிய காரியம். கேட்காமல் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஈசிபி குளிசைக்குப் பதில் இல்லை, குளிசையின் மேல் வைக்கிற உதவி. குறைப்பதென்றால் டொக்டர் பயொப்சியையும் ரத்த அளவையும் பார்த்துத்தான் குறைப்பார். அதேபோல, இரண்டு மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இடையில் விட்டுவிடவும் கூடாது. இது மெல்ல வேலை செய்கிற சிகிச்சை. கிழமைகள், மாதங்கள் ஆகும். நுரையீரல் மாற்றியவர்களுக்கு மூச்சுப் பரிசோதனையில் எண்கள் இறங்காமல் நின்றாலே அது பலன்தான். முடிவு எடுக்கிற திகதியைத் தொடக்கத்திலேயே டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள், அதுவரை ஒரு அமர்வையும் தவற விடாதீர்கள்.

காய்ச்சல்

சிகிச்சை செய்த அன்று பின்னேரம் சிலருக்கு லேசான காய்ச்சல் வரும், தானாகவே இறங்கும். ஆனால் உறுப்பு மாற்றியவரின் காய்ச்சலை வீட்டில் இருந்து தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. தெர்மோமீற்றரில் 38 பாகையைத் தொட்டால், பனடோல் கொடுக்க முன் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுங்கள். மாரி காலத்தில் டெங்கு வேறு. அதில் ரத்தத்தை உறைய வைக்கும் பிளேற்லெற் அணுக்கள் இறங்கினால் அடுத்த ஈசிபியையே தள்ளிப்போட வேண்டி வரலாம். மூச்சு வாங்கல், கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் நிறை கூடுதல், படியேற முடியாத களைப்பு, குழாய் போட்ட இடத்தில் சிவப்பு, ஊசிக் குத்தில் நிற்காத ரத்தம், வெயில் படாமலே தோல் எரிச்சல், கண் மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் உறுப்பு மாற்றிய குழுவுக்குத் தொலைபேசி எடுங்கள். அவர்கள் கடல் கடந்து இருந்தால், கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொப்பியோடு போய், "இவர் இதயம் மாற்றியவர், ஈசிபி செய்தது இன்ன திகதி" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் குழுவின் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் உள்ள எல்லோருடைய கைபேசியிலும் போட்டு வையுங்கள். இரவு என்று பார்க்க வேண்டாம்.